மாப்பிள்ளைக்கு முதுகு காட்டிய என் நாத்தனார்

என் நாத்தனார் ஓட்டும் பஸ்ஸுக்கு ஹாரன் தேவையில்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி "யோவ்!" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், முன்னால் ஊர்ந்துகொண்டிருக்கும் லாரி தானாக ஒதுங்கிவிடும். ஒரு மழைக்காலம் முழுக்க அவருடைய பஸ்ஸில் ஹாரன் கெட்டுப்போய்க் கிடந்தது. யாருமே கவனிக்கவில்லை, அவர் உட்பட. நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த முதல் நாள், மாடியிலிருந்து அந்தக் குரலைக் கேட்டுக் கையில் இருந்த தம்ளரைக் கீழே போட்டவள். அன்றிலிருந்து எனக்கும் அவருக்கும் தினம் ஒரு சண்டை, தினம் ஒரு சமாதானம். மாடியில் அவரும் அவர் மகளும், கீழே நானும் என் வீட்டுக்காரரும்.

நான் அவரை அக்கா என்பேன். ஊரே அக்கா என்றுதான் சொல்லும். டிரைவர் சீட்டில் உட்காருவதற்கு முன்னால் பல வருஷம் கண்டக்டராக இருந்தவர். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு விசில் தொங்கும். ஒரு விசில் அடித்தால் வண்டி நிற்கும், இரண்டு அடித்தால் கிளம்பும். டிரைவர் ஆன பிறகு விசிலுக்கு என்ன வேலை? ஆனாலும் அதை அவர் கழற்றவில்லை. பள்ளிக்கூட நாளிலிருந்தே மகள் எங்கே கிளம்பினாலும் மாடிப்படியின் உச்சியில் நின்று இரண்டு விசில் அடிப்பார். "போய்ட்டு வாடி கண்ணு" என்றெல்லாம் அவர் வாயில் வராது. தன் வீட்டுக்காரர் காய்ச்சலில் போன பிறகு, அக்கா கொஞ்சிப் பேசி யாரும் கேட்டதில்லை. கொஞ்சல், ஆசீர்வாதம், ஜாக்கிரதை எல்லாமே அந்த இரண்டு விசிலுக்குள் அடங்கிவிடும்.

மகளுக்கு நட்டு என்று பெயர் வைத்தவர் என் வீட்டுக்காரர். கையில் ஸ்பேனர் கிடைத்தால் போதும், அந்தப் பெண் எதையாவது கழற்றிவிடுவாள். தையல் மெஷின், கடிகாரம், மின்விசிறி. ஒருமுறை அவள் மாமா உட்கார்ந்திருந்த நாற்காலியையே அடியிலிருந்து கழற்றிவிட்டாள். மனுஷன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து வைத்த பெயர் அது. அப்படியே ஒட்டிக்கொண்டது.

இனிமேல்தான் விஷயம். எங்கள் ஊருக்கு வெளியே ஒரு கார் பந்தயத் தடம் இருக்கிறது. பந்தயம் இருக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா பஸ்ஸைத் தொட மாட்டார். யார் காலையாவது பிடித்து ஷிஃப்டை மாற்றிக்கொண்டு, கொண்டை ஊசி வளைவுக்கு எதிரே இருக்கும் கேலரியில் எல்லாருக்கும் முன்னால் கீழ்ப்படியில் போய் உட்கார்ந்துவிடுவார். எனக்குப் பந்தயம் ஒரு மண்ணும் தெரியாது. அக்காவின் வாய்க்காகத்தான் கூடப் போக ஆரம்பித்தேன். அவ்வளவு வேடிக்கை, அவ்வளவு சத்தம். போகப் போக எனக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது, அது வேறு கதை.

அந்தக் கேலரிக்கு ஒரு செல்லப் பிள்ளை உண்டு. தலை முழுக்க நரைத்த பந்தயக்காரர். பெரிசு என்பார்கள். எத்தனையோ வருஷமாக ஓட்டுகிறார், சாம்பியன் பட்டம் மட்டும் கைக்கு எட்டி எட்டி நழுவும். அந்த ஒரு வருஷம் நழுவாது போலிருந்தது. கடைசிப் பந்தயம், கடைசிச் சுற்று, பெரிசு முன்னால். கேலரியே எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தது. அப்போதுதான் மீசைகூட ஒழுங்காக முளைக்காத ஒரு புதுப்பையன் நீல வண்டியில் பின்னாலிருந்து வந்தான். கொண்டை ஊசியில் பெரிசு ஒரு கணம் அகலமாகத் திரும்பினார். உள்பக்கம் ஒரு ஆள் ஒருக்களித்து நுழைகிற அளவுக்கு இடைவெளி. பையன் மூக்கை நுழைத்துவிட்டான்! பெரிசு ஒதுங்கப் போய் மணலில் இறங்கி, சக்கரம் சுற்றச் சுற்ற அங்கேயே புதைந்து நின்றார். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு அந்த நரைத்த தலையோடு வண்டிப் பக்கத்தில் நின்றாரே, எங்கள் பக்கத்தில் வழக்கமாக உட்காரும் எலக்ட்ரீஷியன் குழந்தை மாதிரி அழுதான்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மேடையில் மைக்கை நீட்டி, "பெரியவரைத் தள்ளிட்டுப் போனீங்களே?" என்று கேட்டார்கள். பையன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு சொன்னான்: "எடம் இருந்துச்சு, போனேன்."

அவ்வளவுதான். மன்னிப்பு இல்லை, வருத்தம் இல்லை, ஒரு "ஐயா" கூட இல்லை. அன்றைக்கே அவனுக்குப் பெயர் விழுந்துவிட்டது, மாப்பிள்ளை என்று. ஊரே எழுந்து வழிவிட வேண்டும் என்று வருகிறானே, வேறென்ன சொல்வது?

"எடம் இருந்துச்சாம்ல, எடம்!" என்று அக்கா குதித்தார். "என் பஸ்ஸுக்கு முன்னாலகூடத்தான் எடம் இருக்கு. வந்து படுடா பாக்கலாம்!"

ஜெயித்தவனையும் அவனுடைய ஆட்களையும் ஒரு திறந்த லாரியில் ஏற்றித் தடத்தை ஒரு சுற்றுக் காட்டுவது இங்கே வழக்கம். நீலச் சட்டைக்காரர்கள் நடுவில் மாப்பிள்ளை கையை ஆட்டிக்கொண்டு கொண்டை ஊசிக்கு வந்தான். அக்கா விசிலை வாயில் வைத்து நீளமாக ஒன்று அடித்தார். நில்! என்று அர்த்தம். அடித்துவிட்டு, சேலைத் தலைப்பை உதறி, அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அந்தப் பெரிய கேலரியில் அவர் ஒருத்தர் மட்டும். முதலில் இடுப்பு பிடித்துக்கொண்டதோ என்று பயந்துவிட்டேன். பிறகு எலக்ட்ரீஷியன் திரும்பினான். பிறகு அந்த வரிசை.

அடுத்த வருஷத்துக்குள் அது கேலரியின் சட்டமாகிவிட்டது. மாப்பிள்ளைதான் எல்லாவற்றிலும் ஜெயிக்கிறானே, அதனால் பழகுவதற்கு நிறைய வாய்ப்பு. லாரி வளைவுக்கு வரும், அக்காவின் விசில் கேட்கும், மொத்தக் கூட்டமும் படக்கென்று திரும்பும். பள்ளிக்கூட டிரில் எல்லாம் பிச்சை வாங்க வேண்டும். போர்க்களத்தில் முதுகு காட்டினால் கேவலம், எங்கள் கேலரியில் முதுகு காட்டாதவன்தான் கேவலம். டிக்கெட் கிழிப்பவர்கூட அக்காவைப் பார்த்தால் எழுந்து நிற்பார். அவருக்கு அது பிடித்திருந்தது. பொய் சொல்வானேன், எனக்கும் பெருமையாக இருந்தது.

ஆனால் எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. ஒரு சின்னப் பையன் மேல் இத்தனை பேருக்கு ஏன் இவ்வளவு கடுப்பு? நான் வேலை செய்வது ஒரு பல் ஆஸ்பத்திரியில், வரவேற்பு மேசையில். வருகிறவர்களை எல்லாம் கேட்டுப் பார்த்தேன். பெரிசுக்குச் செய்த துரோகம் என்றார் ஒருவர். அவன் அப்பன் பெரிய ஆள், எல்லாம் தட்டில் வைத்துக் கொடுத்தது என்றார் இன்னொருவர். ரொம்பப் பேசுகிறான் என்றது ஒரு பெண்பிள்ளை. பேசவே மாட்டேன் என்கிறானே, திமிர் என்றாள் அவள் தங்கை. எங்கள் பல் டாக்டர் ஒரு நோயாளியின் வாய்க்குள் கண்ணாடியை விட்டுக்கொண்டே, "அந்தச் சிரிப்பும்மா! பல்வரிசை சுத்தமா இருக்கு, அதனால இன்னும் எரிச்சலா இருக்கு" என்றார். வாயைத் திறந்தபடி இருந்த நோயாளி "ஆ, ஆ" என்று ஆமோதித்தார்.

"நீங்க ஏங்க திட்டுறீங்க?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"எல்லாரும் திட்டுறாங்கல்ல, நான் மட்டும் சும்மா இருந்தா நல்லாவா இருக்கும்?" என்றார். நேர்மையான மனுஷன்.

அக்காவின் காரணம் எனக்குத் தெரியும். டிரைவர் பரீட்சை பாஸ் செய்துவிட்டு அவர் சீட்டுக்காகக் காத்திருந்த காலத்தில், டிப்போ மேலாளரின் தங்கை மகன் லைசென்ஸ் மை காய்வதற்குள் வந்து அதில் உட்கார்ந்துவிட்டான். அக்கா போய்க் கேட்டபோது, "சீட்டு காலியா இருந்துச்சுக்கா, உக்காந்தேன்" என்று சிரித்தானாம். அதற்குப் பிறகும் ரொம்ப நாள் அந்தப் பயல் ஓட்டிய பஸ்ஸிலேயே அக்கா விசில் ஊதிக்கொண்டு போனார். மாப்பிள்ளை மைக்கில் சிரித்தபோது அக்கா யாரைப் பார்த்தார் என்று எனக்கா தெரியாது? மற்றவர்களும் அப்படித்தான் இருக்க வேண்டும். அவரவருக்கு ஒரு மருமகன், ஒரு மச்சான், ஒரு மேனேஜர். எல்லாருக்கும் சேர்த்து அந்தப் பையன் ஒருத்தன் மூஞ்சி.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வண்டி, ஒருநாள் மாடிக் கொடியில் காய்ந்த ஒரு நீலச் சட்டையில் வந்து இடித்தது.

அக்கா ஷிஃப்ட் முடிந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அந்தச் சட்டையின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். நான் துணி எடுக்க மாடிக்குப் போனவள், படியிலேயே நின்றுவிட்டேன். நட்டு கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"இது யாருது?"

"என்னுதும்மா."

"இது அவன் டீம் சட்டை."

"ஆமா. வேலை கிடைச்சிருக்கு. முன்பக்கம் இடது சக்கரம் என் பொறுப்பு. ஏர் கன்னை வச்சுச் சக்கரத்து நட்டைக் கழட்டி மாட்டணும்."

"ஊர்ல வேற வண்டியே இல்லையாடி? பச்சை வண்டி இல்ல? மஞ்சள் வண்டி இல்ல?"

"எல்லா எடத்துலயும் கேட்டேன். யோசிச்சுச் சொல்றோம்னாங்க. இவங்க மட்டுந்தான் கன்னைக் கையில குடுத்து, எங்க கழட்டிக் காட்டுன்னாங்க. காட்டினேன்."

"அவனா குடுத்தான்?"

"அவன் எங்க குடுத்தான், அவன் மூலைல உக்காந்து பன்னு தின்னுட்டு இருந்தான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா திரும்பி ஒரு பார்வை பார்த்தார், அடக்கிக்கொண்டேன்.

நட்டு சட்டையைக் கொடியிலிருந்து எடுத்து மடித்தாள். அவள் முகத்தில் விளையாட்டு இல்லை. "அம்மா, ஒண்ணு சொல்லிடுறேன். ஜெயிச்சா நானும் அந்த லாரில நிப்பேன். அப்ப நீ திரும்பிக்கிட்டா அது எனக்கும் சேத்துத்தான். அவனுக்கு மட்டுந்தான்னு மனசைத் தேத்திக்காத. முதுகுக்கு ஆள் பாத்துக் காட்டத் தெரியாது."

"நான் திரும்பலன்னா கேலரி என்னடி சொல்லும்? பொண்ணுக்கு வேலை போட்டுக் குடுத்தான், அக்கா வாயை மூடிக்கிட்டாங்கன்னு சொல்லும். அந்தப் பேரை நான் வாங்கணுமா?"

"கேலரிய விடு. நீ பாப்பியா, திரும்புவியா?"

அக்கா விறுவிறுவென்று உள்ளே போனார். மறுநாள் காலை நட்டு வேலைக்குக் கிளம்பும்போது படியில் விசில் சத்தம் கேட்கவில்லை. அவள் தெருமுனை வரை போய் ஒரு தடவை நின்றாள், பிறகு போய்விட்டாள்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? "பொண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கே அனுப்பிட்டீங்களாமேக்கா!" என்று பஸ்ஸில் ஒரு ஆள் கேட்டுவிட்டான். அன்றைக்கு அவன் இறங்க வேண்டிய ஸ்டாப்பில் பஸ் நிற்கவில்லை. அதற்கு அடுத்த ஸ்டாப்பிலும் நிற்கவில்லை.

அந்த வருஷம் நடுவில் ஒரு பந்தயம். மாப்பிள்ளை முன்னால் போய்க்கொண்டிருந்தவன் டயர் மாற்ற உள்ளே வந்தான். கேலரிக்கு எதிரே பெரிய திரை இருக்கிறது, அதில் எல்லாம் தெரியும். நட்டு முழங்காலில் உட்கார்ந்து கன்னை அழுத்தினாள். சக்கரம் கழன்றது. புதுச் சக்கரத்தை மாட்டும்போது கை வழுக்கி, சக்கரம் தரையில் விழுந்து உருள ஆரம்பித்தது! நட்டு பின்னாலேயே ஓடினாள். கேலரி கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்திச் சிரித்தது. தொப்பியை வீசினார்கள், கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். எலக்ட்ரீஷியன் அக்காவின் தோளைத் தட்டி, "அக்கா, உங்க பொண்ணு நம்ம ஆளுதான்! வேணும்னேதான் விட்டிருப்பா!" என்றான்.

அக்கா சிரிக்கவில்லை. திரையில் அவர் மகள் குனிந்து சக்கரத்தைத் தூக்கிக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, பந்தயம் முடியும் முன்னாலேயே அக்கா கேலரியை விட்டு இறங்கினார். வெளியே தண்ணீர்க் குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தார். "என் பொண்ணைப் பாத்துச் சிரிக்கிறானுங்க" என்றார். "நான் பழக்கிவிட்ட கூட்டம், என் பொண்ணையே பாத்துச் சிரிக்குது."

அன்று சாயங்காலம் நட்டு எங்கள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்துகொண்டாள். அம்மாவுக்கு எதிரே போக வெட்கம்.

"வேலை போயிடுச்சாடி?" என்று கேட்டேன்.

"இல்ல அத்தை. எல்லாரும் போன அப்புறம் அவன் வந்தான். 'நான் வர்றதைப் பாத்துட்டு இருந்தீங்க, அதான் வழுக்குச்சு. அடுத்த தடவ என்னைப் பாக்காதீங்க, நட்டை மட்டும் பாருங்க' அப்படின்னான். போயிட்டான்."

"திட்டலையா?"

"சிரிக்கக்கூட இல்ல அத்தை. அவன் சிரிக்கிறதே வெளியில மட்டுந்தான்."

இதை நான் அக்காவிடம் சொன்னேன். "பெரிய வேதம் ஓதிட்டான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் வாயில் போட்டிருந்த சோற்றை ரொம்ப நேரம் மென்றுகொண்டிருந்தார்.

கடைசிப் பந்தயம் வந்தது. கணக்கு சுலபம். மாப்பிள்ளை ஜெயித்தால் பட்டம் அவனுக்கு, பச்சை வண்டி முன்னால் வந்தால் பட்டம் பச்சைக்கு. பச்சை வண்டிக்காரன் யார், எந்த ஊர் என்று கேலரியில் பாதிப் பேருக்குத் தெரியாது. அவன் மாப்பிள்ளை இல்லை, அது போதாதா? விடிந்ததும் நட்டு நீலச் சட்டையோடு படியிறங்கினாள். கீழ்ப்படியில் நின்று, மேலே பார்த்து, "பாப்பியாம்மா?" என்று மட்டும் கேட்டாள். அக்கா கையில் விசிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஊதவில்லை. அவள் போன பிறகும் அங்கேயே நின்றார்.

கேலரியில் அன்றைக்கு ஊசி விழ இடமில்லை. அப்பா, என்ன பந்தயம் அது! ஆரம்பத்திலிருந்தே பச்சையும் நீலமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பறந்தன. ஒரு சுற்றில் இவன் முன்னால், மறு சுற்றில் அவன். எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. யாருக்காகக் கத்துகிறேன் என்றே தெரியாமல் கத்திக்கொண்டிருந்தேன். பாதிக்கு மேல் வானம் கறுத்துத் தூறல் போட்டது. தூறல் மழையானது. தடம் பளபளவென்று வழுக்க ஆரம்பித்ததும் இரண்டு வண்டியும் மழை டயர் மாற்ற ஒரே நேரத்தில் உள்ளே பாய்ந்தன.

திரையில் நீலம் தெரிந்தது. நட்டு முழங்காலில். அக்கா எழுந்து நின்று என் மணிக்கட்டைப் பிடித்தார். ஸ்டியரிங் பிடித்த கை, எலும்பு நொறுங்கிவிடும் போலிருந்தது. சுற்றிலும் ஆயிரம் பேர், "விடு! விடு! கீழ விடு!" என்று கத்தினார்கள். அக்கா உதட்டுக்குள் சொன்னது எனக்கு மட்டும் கேட்டது.

"நட்டைப் பாருடி. அவனைப் பாக்காத. நட்டைப் பாரு."

நட்டு நட்டைப் பார்த்தாள். தலையே நிமிரவில்லை. சர்ரென்று கழன்றது, சர்ரென்று ஏறியது, கையைத் தூக்கிவிட்டாள்! மற்ற மூன்று சக்கரமும் முடிவதற்கு முன்னாலேயே அவள் சக்கரம் முடிந்துவிட்டது! கேலரி "ச்சே!" என்றது. நான் என்னை மறந்து "ஆஹா!" என்றேன், பின்வரிசையில் இருந்தவன் குனிந்து முறைத்தான். போடா என்று நானும் முறைத்தேன்.

ஆனால் பச்சை வண்டி ஒரு மூச்சு முந்தி வெளியே வந்துவிட்டது. மழையில் முந்துவது லேசா? பச்சை தெறிக்கவிடும் தண்ணீரில் நீலம் கண்ணுக்கே தெரியவில்லை. சுற்றுகள் தீர்ந்துகொண்டே வந்தன. கேலரி ஏற்கெனவே ஆட ஆரம்பித்துவிட்டது. கடைசிச் சுற்று. கொண்டை ஊசி. எங்கள் கண்ணுக்கு நேர் எதிரே பச்சை வண்டி ஈரத்தில் லேசாக வழுக்கி அகலமாகத் திரும்பியது. அதே வளைவு. அதே பக்கம். ஒரு ஆள் ஒருக்களித்து நுழைகிற அதே இடைவெளி.

லாரிகளை ஒதுக்குகிற அந்தக் குரல் என் காதுக்குப் பக்கத்தில் வெடித்தது.

"எடம் இருக்குடா! போடா! போ!"

போனான்! மூக்கை நுழைத்தான், வண்டி ஆடியது, நிமிர்ந்தது, முன்னால் வந்துவிட்டது! இந்தத் தடவை பச்சை வண்டி மணலில் இறங்கவில்லை. அதற்கும் கொஞ்சம் இடம் மிச்சம் வைத்துத்தான் போனானா, இல்லை, மழையில் அப்படி அமைந்ததா, யார் கண்டது? நீலம் கோட்டைத் தாண்டியது. அத்தனை பேரும் அக்காவைத்தான் பார்த்தார்கள்.

"அக்கா, இப்ப என்ன சொன்னீங்க?" என்றான் எலக்ட்ரீஷியன்.

"இருமினேன்" என்றார் அக்கா.

மழை விட்டுவிட்டது. தூரத்தில் லாரி கிளம்புவது தெரிந்தது. அதில் நீலச் சட்டைகள். முன்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நனைந்த தலையோடு, என் நட்டு. அவளுக்குப் பின்னால் மாப்பிள்ளை, அதே சிரிப்போடு. கேலரி எழுந்து தயாரானது. எல்லாருடைய கண்ணும் அக்காவின் கழுத்துக் கயிற்றில்.

"கழட்டி என்கிட்ட குடுத்துடுங்கக்கா" என்றேன்.

அவர் கேட்டதாகவே தெரியவில்லை. விசிலை எடுத்து வாயில் வைத்தார். ஐயோ, அடிக்கப் போகிறார், பெற்ற பெண்ணுக்கு முதுகு காட்டப் போகிறார் என்று நினைத்தேன். லாரி வளைவுக்குள் நுழைந்தது. நட்டு கேலரியின் கீழ்ப்படியில் அம்மாவைத் தேடிக்கொண்டிருந்தாள். விசில் கிளம்பியது.

படக்! மொத்தக் கேலரியும் திரும்பியது. கீழ்ப்படியிலிருந்து மேல்படி வரை, ஒரே வீச்சில். என் பாழாய்ப்போன காலும் பழக்கத்தில் திரும்பிவிட்டது.

அதற்கப்புறம்தான் இரண்டாவது விசில் கேட்டது.

அக்கா நிற்கச் சொல்லி ஊதவில்லை. இரண்டு அடிக்கத்தான் வாயில் வைத்திருக்கிறார். மாடிப்படி விசில். பள்ளிக்கூடத்து விசில். ஆனால் அவர் பழக்கிய கூட்டமாயிற்றே, முதல் சத்தத்துக்கே திரும்பித் தொலைத்துவிட்டது! கழுத்தை வளைத்துப் பார்த்தேன். அக்கா திரும்பவில்லை. அன்றைக்கு ஒருத்தராகத் திரும்பி நின்றவர், இன்றைக்கு ஒருத்தராக நேரே நின்றார். லாரியில் இருந்து பார்த்தவர்களுக்கு அந்தக் கேலரி முழுக்க முதுகுகள்தான் தெரிந்திருக்கும், அதன் முன்னால் ஒரே ஒரு முகம்.

நட்டு பார்த்துவிட்டாள். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் குதித்தாள். அழுதாளா, சிரித்தாளா, மழைத் தண்ணீரா, ஒன்றும் தெரியவில்லை. அக்கா கண்ணைத் துடைக்காமல் நின்றார், துடைத்தால் அந்த நேரத்துக்கு மகளைப் பார்க்க முடியாதே என்று பிறகு என்னிடம் சொன்னார்.

மாப்பிள்ளையும் பார்த்துவிட்டான். அதுதான் வேடிக்கை. வந்த நாளிலிருந்து அந்த வளைவில் முதுகுகளைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துப் பழகியவன், ஒரு முகத்தைக் கண்டதும் அப்படியே நின்றான். தனக்குத்தான் என்று நினைத்துவிட்டான், பாவம்! தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான். அந்தச் சிரிப்பு ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போய், உதடு துடித்து, வீட்டில் அடி வாங்கிய பிள்ளை மாதிரி ஆகிவிட்டது அவன் முகம். எத்தனை சின்னப் பையன் அவன்!

"உனக்..." என்று அக்கா ஆரம்பித்தார். உனக்கில்லடா என்று சொல்ல வந்தார், எனக்குத் தெரியும். அந்தக் குரலில் சொல்லியிருந்தால் லாரி வரைக்கும் கேட்டிருக்கும். அவர் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு, வலது கையைக் கொஞ்சம் தூக்கினார். எதிரே வரும் பஸ்ஸின் டிரைவருக்குக் காட்டுகிற மாதிரி, அவ்வளவுதான். லாரி போய்விட்டது.

கேலரி இந்தப் பக்கம் திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. "சூப்பர்க்கா, இன்னிக்கு ரெண்டு தடவ அடிச்சீங்களே!" என்றான் எலக்ட்ரீஷியன். அவனுக்கு ஒன்றும் தெரியாது. என்னைத் தவிர யாருக்குமே ஒன்றும் தெரியாது. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவனுக்கு என்ன தெரியும்?

இருட்டும் முன்னால் நட்டு வீட்டுக்கு வந்தாள். அக்கா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். நான் டீ போட்டு எடுத்துக்கொண்டு போனேன். நட்டு அம்மாவுக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்து அவர் முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அக்கா அந்தத் தலையை ஒரு துண்டால் பரபரவென்று துவட்ட ஆரம்பித்தார்.

"அவன் கேட்டாம்மா" என்றாள் நட்டு துண்டுக்குள்ளிருந்து. "முன்னால நின்னாங்களே, அந்த அம்மா யாருன்னு."

"என்ன சொன்ன?"

"எங்கம்மான்னு சொல்லல. பஸ் டிரைவர்னு மட்டும் சொன்னேன்."

"ஏண்டி சொல்லல?"

"சொன்னா அது எனக்காகன்னு தெரிஞ்சிடும்ல. பாவமா இருந்துச்சும்மா."

அக்காவின் கை நின்றது. பிறகு பழைய முறுக்கோடு, "எனக்கு அவனை இன்னும் பிடிக்காது, சொல்லிட்டேன். பெரிசுக்குப் பண்ணினது பண்ணினதுதான். அந்தச் சிரிப்பை முதல்ல நிறுத்தச் சொல்லு" என்றார்.

"இன்னிக்கு நிறுத்திட்டானே. நீ பாக்கலையா?"

"பாத்தேன்" என்றார் அக்கா. மறுபடியும் துவட்ட ஆரம்பித்தார், இந்தத் தடவை மெதுவாக. "அத்தனை பேர் இருந்தோம். நான் ஒருத்திதான் பாத்தேன்."